மூச்சுச் சீட்டில் வந்த பெயர்

"படிங்க மேடம்."

வசந்தாமணி படிக்கவில்லை.

"ஒரே ஒரு பேர்தான் மேடம். வாய்விட்டுச் சொன்னாப் போதும், சாவி தானா வந்துரும்."

வசந்தாமணி சீட்டைப் பார்த்தாள். திரும்பி, கண்ணாடிச் சுவரோரம் சோபாவில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள். புது வண்டியின் நெற்றியில் மாலை போட்டாகிவிட்டது. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. முன்கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்த மூச்சுச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. அதில் ஒரு பெயர். பெயருக்குக் கீழே அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே, சொல்வதைக் கேட்டுக்கொள்ள, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காது.

விற்பனைப் பெண் இலக்கியா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். எழுத்து புரியலையா? நான் சொல்றேன், நீங்க பின்னாடியே சொல்லுங்க. நா. செங்..."

வசந்தாமணியின் கை பாய்ந்து அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாத கண்ணு! அவருக்குக் கேட்டுறப் போகுது."

"எவருக்கு?"

"அவருக்குத்தான்."

"கேட்டா என்ன மேடம்? இந்த வண்டி விடுற புகையில யார் மூச்சுக்குள்ள அதிகமாப் போகுமோ அவங்க பேரு இது. வாங்கறவங்க தெரிஞ்சுக்கணும்னு சட்டம். தெரிஞ்சுக்கிட்டு வாங்கலாம், வாங்காமலும் போகலாம். ஆனா வாங்கறதுன்னா ஒரு தடவை வாயால சொல்லியாகணும்."

"அதெல்லாந் தெரியும். நானும் பத்தாவது படிச்சவதான். எழுத்தெல்லாம் புரியுது."

"அப்ப படிங்களேன்."

"மாட்டேன்."

இலக்கியா கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நல்ல நேரம் முடியப் போகுதாம், அவங்களை அனுப்பிவை," என்றார்.

வசந்தாமணி அவளை வண்டியின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு எந்த ஊரு கண்ணு?"

"இங்கதான் மேடம், கணபதி ஏரியா."

"திருச்செங்கோடு போயிருக்கறயா?"

"சின்னதுல போயிருக்கேன்."

"அதுல 'திரு'வை எடுத்துட்டா என்ன?"

"செங்கோடு."

"முருகன் கையில என்ன இருக்குது?"

"வேல். எதுக்கு மேடம் விடுகதை போடறீங்க?"

"ரெண்டையும் மனசுக்குள்ள சேத்துப் பாரு. வாயில சொல்லிறாத."

இலக்கியா சேர்த்துப் பார்த்தாள். அவள் கண் சீட்டுக்குப் போனது, அங்கிருந்து சோபாவுக்குப் போனது. சோபாவில் இருந்தவர் தன் பக்கத்தில் ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்குக்கு ஏறியிருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! உங்க வீட்டுக்காரரா?"

"ம்."

"அதே பேர்ல வேற யாராவது..."

"நீயே பாரு. பேருக்குப் பக்கத்துல வீடு மாதிரி ஒண்ணு போட்டிருக்குதே, அது என்ன?"

இலக்கியா பார்த்தாள். கூரையும் கதவுமாக, குழந்தை வரைந்ததுபோன்ற ஒரு சின்ன வீடு. வாங்குகிறவரின் வீட்டிலேயே இருக்கிற ஆள் என்றால் மட்டும் விழும் குறி அது.

"இதுக்கு எப்படித் தெரியும் கண்ணு? நான் அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

"எங்க நிறுத்துவீங்கன்னு கேட்டேன், போர்ட்டிகோன்னு சொன்னீங்க. எப்ப எடுப்பீங்கன்னு கேட்டேன், விடிஞ்சதும்னு சொன்னீங்க. தெருத் தெருவாக் காத்தை அளக்கற கருவி இருக்கில்ல, அதுக்கு உங்க தெருக் காத்து எப்பப்ப எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியும். ஆஸ்பத்திரிப் பதிவுல யாருக்கு நெஞ்சு பலவீனம்னு இருக்கும். எல்லாம் சேந்து கணக்குப் போட்டுக்கும்மா." மேடம் அம்மாவாகிவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"போர்ட்டிகோவுக்கு மேலதான் அவரு ஜன்னலு. காத்து பத்தலைன்னு சாத்தவே விட மாட்டாரு."

வசந்தாமணி வண்டியின் பளபளப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். இந்த வண்டியே அவருக்காகத்தான். ஆட்டோ பிடிக்கத் தெரு முக்குவரைக்கும் நடப்பதற்குள் அவர் யார் வீட்டு வாசற்படியிலாவது உட்கார வேண்டியிருந்தது. இருக்கையைச் சாய்த்துக் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி, ஆக்சிஜன் மிஷினை வைக்க இடம் இருக்கிற மாதிரி என்று தேடி, இருப்பதிலேயே பெரிய பெட்ரோல் வண்டியாக எடுத்திருந்தாள். அதை ஓட்டுவதற்கென்று, தலை நரைத்த பிறகு போய் டிரைவிங் படித்தாள். 'அம்மா, பிரேக்குன்னா பிரேக்கு, கோலம் போடற மாதிரி தடவாதீங்க,' என்று சொல்லிக்கொடுத்தவன் கத்தியதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

"செரி கண்ணு, நீயே சொல்லு. ஆஸ்பத்திரியில பேஷன்ட் பேரென்னன்னு கேட்டாக்கூட கார்டுல இருக்குதுங்கன்னு நீட்டிப்புடுவேன். இத்தனை வருசத்துல ஒரு நாளு அவரு பேரு என் வாயில வந்ததில்ல. சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லுச்சு. பேருக்கும் ஆயுசுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கே அப்பப்பச் சிரிப்பு வரும். இன்னைக்குப் பாரு, அதையே கவர்மெண்டு எழுதி ஒட்டியிருக்குது."

இலக்கியாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"எதுக்குத்தான் பேரைப் போடறாங்களோ!"

"முன்னாடியெல்லாம் இத்தனை கிராம் புகைன்னு போட்டாங்கம்மா. ஒருத்தரும் படிக்கலை. அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பட்டை போட்டாங்க. சிவப்புதான் எனக்கு ராசின்னு வாங்கிட்டுப் போனாங்க. படிச்சேன்னு கையெழுத்து கேட்டாங்க, படிக்காமலே போட்டாங்க. கடைசியாத்தான் பேரு."

"இப்ப மட்டும் பயப்படறாங்களாக்கும்?"

"பாதிப் பேரு பயப்படறாங்க. மீதிப் பேரு சொல்லி முடிச்சதும் பேரு மேலேயே சந்தனத்தை அப்பிடறாங்க. எல்லா ஊர்லயும் இருக்கற பேரா வந்தா எங்களுக்குக் கொண்டாட்டம், யாரோ ஒருத்தர்னு வாங்கிட்டுப் போயிருவாங்க. போன மாசம் ஒருத்தருக்குப் பங்காளி பேரு வந்துச்சு. இன்னொரு வண்டி இருக்குதான்னு கேட்டாரு."

வசந்தாமணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயம் வந்து, சோபாவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு வழி இருக்கு. வண்டியை வீட்டுல நிறுத்தாதீங்க. தெருமுனையில இடம் இருக்கா?"

"பழைய ரைஸ்மில் இருந்த இடம் காலியாத்தான் கெடக்குது."

"அங்க நிறுத்தறதாப் போட்டுப் பாக்கலாம்."

இலக்கியா கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் ஏதோ மாற்றினாள். சீட்டிலிருந்த எழுத்து மங்கி, கரைந்து, வேறு எழுத்தாகத் திரண்டது. வீட்டுக் குறி மறைந்துவிட்டது. கோடு மட்டும் அப்படியே, ஓரத்துக்கு ஓரம்.

வசந்தாமணி ஒரே மூச்சில் படித்தாள். "தி. அறவாழி."

வண்டியின் பக்கவாட்டிலிருந்து சின்ன இழுப்பறை ஒன்று நீண்டது. அதில் சாவி.

"அப்பாடா!" என்றாள் வசந்தாமணி. மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டாள். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. சாவியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். சாவியில் துடைக்க ஒன்றுமில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு கண்ணு அது?"

"எதும்மா?"

"அந்த அறவாழி."

"தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"சின்ன வயசா, பெரிய வயசா?"

"அம்மா, அதான் வந்துருச்சில்ல, கிளம்புங்க. நல்ல நேரம்."

"ரைஸ்மில்லுக்குப் பின்னால நாலஞ்சு வீடு இருக்குது. புதுசாக் குடி வந்திருக்கறாங்க. அதுல ஒரு வீட்டுல ஜன்னலத் தொறந்துதான் வச்சிருக்கறாங்க, நானே பாத்திருக்கறேன்." வசந்தாமணி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தாளுக்குக் கட்டினவ இருப்பாளா கண்ணு?"

"இருக்கலாம்."

"அவ வந்து இந்த வண்டியை வாங்கினா, இந்தச் சீட்டு முன்னால நின்னா, அவளும் வாயத் தொறக்காமத்தான நிப்பா? நான் என்ன பண்ணினேன், கடையில பருப்பு கேக்கற மாதிரி சொல்லிப்புட்டேன்."

இதற்கு இலக்கியாவுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

வசந்தாமணி சாவியை இழுப்பறையில் திரும்ப வைத்தாள். அது உள்ளே போகவில்லை. கையால் தள்ளிவிட்டாள்.

"என்ன வசந்தா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செங்கோட்டுவேல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். "சாவிய எடுக்கறே... வைக்கறே... என்னத்துக்கு?"

"ஒண்ணுமில்லீங். இது வேண்டாம். வேற பாக்கலாம்."

"ஏன்? பேரு வந்துச்சில்ல? அறவாழி. நல்லாத்தான படிச்சே. அங்க வரைக்கும் கேட்டுது."

"அதுக்கு முன்னால ஒண்ணு வந்துச்சு."

"என்ன பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"சும்மா சொல்லு புள்ள."

"சொல்ல மாட்டேனுங்."

செங்கோட்டுவேல் அவளையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. வசந்தாமணி முதுகை நீவிவிட்டாள். இருமல் அடங்கியதும் மறுபடியும் சிரித்தார்.

"அப்ப எம் பேருதான்."

"நான் சொன்னனா?"

"நீ சொல்ல மாட்டேன்னு சொல்ற பேரு... உலகத்துல ஒண்ணுதான புள்ள இருக்குது."

இலக்கியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். சீட்டின் கறுப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கோடு என்ன?"

"எவ்வளவு போகுதுங்கற அளவுங்க அய்யா. முழுக்க இருந்தா அதிகம்."

"நான் நூல்மில்லுல... பஞ்சு ஒடைக்கற எடத்துல இருந்தவன். வெள்ளையா மழை பேஞ்சாப்ல இருக்கும் உள்ள. மூக்குக்குத் துணி கட்டுன்னாங்க. கட்டினா மூச்சு முட்டும், கழட்டி வச்சுருவோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு பஞ்சு மூட்டை மேல எம் பேரை எழுதி... மொதலாளி ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சிருந்தாருன்னா... என்னமோ, ஒரு ஃபேனாவது போட்டிருப்பாரு."

எட்டிப் பார்த்த மேனேஜர், மூவர் முகத்தையும் கண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வண்டியே வேண்டாமுங்," என்றாள் வசந்தாமணி. "ஆட்டோவுலயே போய்க்கலாம்."

"அடப் போ. நீ ஓட்டி நான் உக்காந்து போகோணும்னுதான எனக்கு ஆசை. ஆனா இத்தாம் பெரிய வண்டி எதுக்கு? நான் கேட்டனா?"

"நீங்க காலை நீட்டிப் படுத்துட்டு வருவீங்கன்னு..."

"படுக்கறதுக்கு வீட்டுல கட்டலு இல்லையா? எனக்கு நிமுந்து உக்காந்து வேடிக்கை பாக்கோணும். சொந்தபந்தம், ஒறம்பரைங்க முன்னால நீ பெரிய வண்டி ஓட்டோணும்னு ஆசைப்படறேன்னு நான் வாய மூடிட்டு இருந்தேன்."

"எனக்கா ஆசை? ரிவர்ஸ் எடுக்கறப்பப் பின்னால என்ன இருக்குதுன்னே தெரியலைங்! ராத்திரியெல்லாம் கனவுல இடிச்சுட்டே இருக்கறேன்!"

இலக்கியா இந்தத் தடவை அடக்காமல் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் வீட்டுலயே ஒரு தடவை பேசியிருக்கலாமேம்மா!"

"அதென்ன கண்ணு, அந்த மூலையில?"

மூலையில் இரண்டே கதவுள்ள ஒரு சின்ன பேட்டரி வண்டி நின்றது. கத்திரிப்பூ நிறம். அந்த நிறத்தை யாரும் கேட்காததால் அதன்மேல் விளம்பரத் தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அது ரெண்டு பேர்தாம்மா உக்கார முடியும்."

"நாங்க எத்தனை பேரு?" என்றார் செங்கோட்டுவேல்.

"உங்க மிஷினை எங்கீங் வைக்கறது?"

"எம் மடியில இருந்துட்டுப் போகுது. பேரன் பேத்தியா இருக்குது உக்கார வைக்க?"

தாள்களை எடுத்துத் துடைத்தார்கள். இலக்கியா கேள்விகளை முதலிலிருந்து கேட்டாள். போர்ட்டிகோதான். விடிந்ததும்தான். சார்ஜ் போடுவது? மாடியில் சோலார் பலகை இருக்கிறது. வீட்டில் வாசல் கூட்டுவது யார்?

"இதென்ன கேள்வி? நான்தான்."

"பேட்டரி வண்டிக்கு மட்டும் இதைக் கேக்கும்மா. புகை இல்லைன்னாலும் டயரும் பிரேக்கும் தேயற தூசு இருக்கில்ல."

முன்கண்ணாடியில் வெறுமையாக இருந்த சீட்டில் எழுத்து திரண்டது. முதலில் வந்தது வீட்டுக் குறி. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களே பாருங். நான் பாக்க மாட்டேன்."

செங்கோட்டுவேல் குனிந்து படித்தார். அவர் முகம் மாறியது.

"ஐயோ, இது உம் பேரு வசந்தா!"

"எம் பேரா?" அவள் கண்ணைத் திறந்தாள். "செ. வசந்தாமணி. அட, ஆமா. அப்பாடா! அப்ப செரி."

"என்ன செரி? எடுக்க வேண்டாம் இது. ஏம்மா, இதையும் வேண்டாம்னு..."

"அய்யா, இருங்க, இருங்க." இலக்கியாவின் குரலில் முதல்முறையாகப் பயிற்சி இல்லாத சந்தோஷம் இருந்தது. "கோட்டைப் பாருங்க."

"கோடே இல்லையே."

"இருக்கு. எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி தெரியுதா? அதுதான் கோடு. சீட்டுன்னா ஒரு பேரு போட்டே ஆகணும், யாருமில்லைன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. சொல்ற அளவுக்குத் தூசு உங்க கேட்டைத் தாண்டிப் போகலை, அதான் அர்த்தம். வாசல்ல விழறதை அம்மா கூட்டறாங்க, அதனால அம்மா பேரு. சொந்தப் பேரு வந்த சீட்டை இந்த ஷோரூம்ல நான் பாத்ததே இல்ல."

"அப்ப நாளையிலிருந்து நான் கூட்டறேன்," என்றார் செங்கோட்டுவேல்.

"நீங்க கூட்டினா உங்க பேரு வந்துரும். பேசாம இருங். நான் தண்ணி தெளிச்சுட்டுக் கூட்டிக்கறேன். எங்கம்மா அப்படித்தான் கூட்டுச்சு. நாந்தான் சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன்."

செங்கோட்டுவேல் புள்ளியை நெடுநேரம் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

"படி," என்றார்.

வசந்தாமணி காதுப் பொத்தானுக்கு நேராகக் குனிந்தாள்.

"வசந்தாமணி."

ஒன்றும் நடக்கவில்லை.

"வசந்தாமணிங்!" என்றாள் கொஞ்சம் உரக்க.

"இனிஷியலோட சொல்லணும்மா. சீட்டுல இருக்கற மாதிரியே."

"அதெதுக்கு?"

"முழுப் பேரு கேக்கும்."

வசந்தாமணி நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டில் அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டார்கள். எத்தனையோ இடங்களில் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாள். சொல்லிப் பார்த்ததில்லை.

"கார்டுல இருக்குதுங்கன்னு சொல்லிப் பாரு," என்றார் செங்கோட்டுவேல், சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு.

"நீங்க சும்மா இருங். அந்தப் பக்கம் திரும்புங்."

அவர் திரும்பினார். இலக்கியாவும் எதற்கென்று தெரியாமல் திரும்பிக்கொண்டாள்.

"செ," என்றாள் வசந்தாமணி.

சொல்லிவிட்டுச் சட்டென்று அவர் முதுகைப் பார்த்தாள். முதுகு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது.

"செ. வசந்தாமணி."

இழுப்பறை நீண்டது.

"எனக்கு ஆயுசுல ஒரு எழுத்துக் கொறைஞ்சு போச்சே!" என்று திரும்பினார் அவர்.

"ஒண்ணும் கொறையல. நல்லாத்தான் இருக்கறீங்க. ஏறுங், நல்ல நேரம் போயிரும்."

இலக்கியா ஓடிப்போய்ப் பெரிய வண்டியின் சக்கரங்களுக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிவந்து சின்ன வண்டிக்கு வைத்தாள். மாலை நீளமாக இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஓட்டும் இருக்கையில் வசந்தாமணி கண்ணாடியைச் சரிசெய்தாள். பின்னால் இருந்தது எல்லாம் தெரிந்தது.

"கண்ணு, அந்தத் தம்பி பேரு என்னன்னு சொன்னே?"

"எந்தத் தம்பிம்மா? ஓ, அறவாழி."

"அறவாழி," என்றாள் வசந்தாமணி, மெதுவாக. "நூறு வருசம் நல்லாயிருக்கட்டும்."

நான்கு பழங்களும் ஒரே நேரத்தில் நசுங்கின. வண்டி சாலைக்கு இறங்கியது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் வந்தபோது, "ஜன்னலை மூடுங்," என்றாள் அவள். மூடினார். லாரி போனதும் அவள் சொல்லாமலே அவர் மறுபடியும் திறந்து வைத்துக்கொண்டார்.